கார் ஸ்டார்ட் ஆகவில்லையா? பேட்டரி வாங்கக் கிளம்பும் முன் எதை, எந்த வரிசையில் பார்ப்பது

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் ஃபிளாட்டின் கீழே காலை ஏழு மணிக்கு ஒரு கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான். சாவியை ஏழெட்டு முறை திருகுவார்கள். போனட்டைத் திறந்து பேட்டரி முனையை ஆட்டிப் பார்ப்பார்கள். மேல்மாடிக்காரர் ஜம்பர் கேபிளோடு இறங்கி வந்து, தன் கார் பேட்டரியிலிருந்து மின்சாரம் கடன் கொடுத்து ஜம்ப் செய்வார். கார் ஓடிவிடும். சாயங்காலம் வேலையிடத்தில் மறுபடியும் நின்றுவிடும்.

இவற்றில் எதுவும் தப்பு இல்லை, வரிசைதான் தப்பு. முனையை ஆட்டிவிட்டு ஜம்பும் கொடுத்துவிட்டால், முனை தளர்ந்திருந்ததா, பேட்டரி இறங்கியிருந்ததா என்று அப்புறம் யாராலும் சொல்ல முடியாது. கோளாறு தன்னைக் காட்டிக்கொண்டிருந்த நேரத்தில் நாமே அதை மறைத்துவிடுகிறோம். அதனால் முதலில் காது, பிறகு மீட்டர், அதற்குப் பிறகுதான் ஸ்பேனர்.

இது மைவி, சாகா, வியோஸ், சிட்டி மாதிரியான சாதாரண பெட்ரோல் கார்களுக்கு. ஹைபிரிட், மின்சார கார்களில் ஆரஞ்சு நிறத் தடித்த வயர்கள் இருக்கும். அவற்றில் கை வைக்கவே கூடாது.

1. முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டியவை

வோல்ட், ஆம்பியர், ஓம் அளக்கும் ஒரு மல்டிமீட்டர். ஹார்ட்வேர் கடையில் மலிவாகக் கிடைப்பதே போதும். பேட்டரி முனைக்கு 10 மில்லிமீட்டர் ஸ்பேனர், மணல்தாள், டார்ச், கையுறை, தடித்த ஜம்பர் கேபிள். மெல்லிய கேபிளில் போதுமான மின்சாரம் போகாது, வயர்தான் சூடாகும். இவை தவிர, சாவியைத் திருக இன்னொரு ஆள் வேண்டும். பாதிச் சோதனைகளை ஒற்றை ஆளாகச் செய்ய முடியாது.

மீட்டர் வாங்கியதும் வீட்டிலேயே ஒரு முறை பழகிக்கொள்ளுங்கள். புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான்: சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளையில் செருகியபடியே பேட்டரியின் இரண்டு முனைகளையும் தொட்டுவிடுவார்கள். அந்தத் துளையில் இருக்கும்போது மீட்டர் வெறும் வயருக்குச் சமம். பட்டென்று பொறி பறக்கும், மீட்டரின் ஃபியூஸ் போகும். வோல்ட் அளக்கும்போது சிவப்பு வயர் வோல்ட் துளையிலும், மீட்டரின் நடுவில் உள்ள திருகு 20 வோல்ட் டிசியிலும் (நேர் மின்சாரம்) இருக்க வேண்டும்.

மோதிரம், காப்பு, கைச்சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். பாசிட்டிவ் முனைக்கும் காரின் உடம்புக்கும் நடுவே மோதிரம் சிக்கினால் விரல் வெந்துவிடும். கைலியோடு இறங்கி வந்து ஓடும் இன்ஜின் பெல்ட் பக்கத்தில் குனிபவர்களையும் பார்த்திருக்கிறேன். போய் ஒரு பேன்ட் போட்டுக்கொண்டு வாருங்கள், கார் எங்கேயும் ஓடிவிடாது.

2. கோளாறே இல்லாத கோளாறுகளை முதலில் கழியுங்கள்

ஆட்டோ காரில் கியர் பியில் (பார்க்) ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் பிரேக்கை மிதித்துக்கொண்டு நியூட்ரலில் முயலுங்கள். கியர் எங்கே இருக்கிறது என்று சொல்லும் சுவிட்ச் தேய்ந்துவிட்டால், பியில் போட்டிருந்தும் கார் அதை நம்பாது. நியூட்ரலில் ஸ்டார்ட் ஆனால் பேட்டரியைத் தொட வேண்டாம், பட்டறையில் அந்தச் சுவிட்சைப் பார்க்கச் சொல்லுங்கள். மேனுவல் காரில் கிளட்ச்சை அடிவரை மிதியுங்கள்.

புஷ் ஸ்டார்ட் காராக இருந்தால், ரிமோட்டின் சின்ன பேட்டரி இறங்கியிருக்கலாம். ரிமோட்டை ஸ்டார்ட் பொத்தானோடு ஒட்டிப் பிடித்து அழுத்துங்கள். பெரும்பாலான கார்கள் பேட்டரி இல்லாத ரிமோட்டையும் அவ்வளவு அருகில் அடையாளம் கண்டுகொள்ளும்.

டேஷ்போர்டில் சாவி அல்லது பூட்டுப் படம் விடாமல் மின்னுகிறதா? கார் உங்கள் சாவியை ஏற்கவில்லை. இன்னொரு சாவியால் முயலுங்கள். சாவிக்கொத்தில் வேறு காரின் சாவியோ அக்சஸ் கார்டோ இருந்தால் தனியே எடுத்துவிடுங்கள், அவை குறுக்கிடுவது உண்டு.

ஒரு விஷயத்தில் மட்டும் முயற்சியே வேண்டாம். திடீர் வெள்ளத்தில் தண்ணீர் காருக்குள் ஏறியிருந்தால் ஒரு முறைகூடத் திருகாதீர்கள். இன்ஜினுக்குள் தண்ணீர் போயிருந்தால் பிஸ்டனால் அதை அழுத்த முடியாது, உள்ளே இருக்கும் கம்பி வளைந்துவிடும். இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.

3. ஒரே ஒரு முறை திருகி, கவனமாகக் கேளுங்கள்

முழு வேலையிலும் முக்கியமான படி இது. இதற்குப் பத்துக் காசு செலவில்லை. ஏர்கான், ரேடியோ, போன் சார்ஜர் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஹெட்லைட்டை மட்டும் சுவரைப் பார்த்தபடி எரிய விடுங்கள். உதவிக்கு வந்தவர் சாவியைத் திருகட்டும். நீங்கள் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே சுவரில் விழும் வெளிச்சத்தைப் பாருங்கள்.

"டக்டக்டக்டக்" என்று வேகமாக அடித்து, வெளிச்சம் மங்கித் துடித்தால் மின்சாரம் போதவில்லை. ஸ்டார்ட்டரின் (இன்ஜினை முதலில் சுற்றிவிடும் மோட்டார்) காந்தம் இழுக்கிறது, அந்த நொடியே வோல்ட் சரிகிறது, காந்தம் விடுகிறது, வோல்ட் ஏறுகிறது, மறுபடி இழுக்கிறது. பேட்டரி இறங்கியிருக்கலாம், முனை பிடிப்பில்லாமலும் இருக்கலாம். 4ஆம் படிக்குப் போங்கள்.

ஒரே ஒரு "டக்", அதோடு அமைதி, வெளிச்சமும் பெரிதாக மங்கவில்லை என்றால் பேட்டரி மேல் பழி போட அவசரப்படாதீர்கள். ஸ்டார்ட்டர் மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், அல்லது தடித்த வயரில் தடை இருக்கலாம். 4ஆம் படியைச் சீக்கிரம் முடித்துவிட்டு 5ஆம் படியில் நேரம் செலவழியுங்கள்.

சத்தமே இல்லை, வெளிச்சம் அப்படியே பளிச்சென்று நிற்கிறது என்றால் திருகியது ஸ்டார்ட்டருக்குத் தெரியவே இல்லை. 6ஆம் படி. சத்தமும் இல்லை, வெளிச்சமும் இல்லை என்றால் முனை கழன்றிருக்கலாம், மெயின் ஃபியூஸ் போயிருக்கலாம், அல்லது பேட்டரி அடியோடு காலி.

இன்ஜின் வழக்கமான வேகத்தில் சுற்றுகிறது, ஆனால் பற்றவில்லை என்றால் பேட்டரியும் ஸ்டார்ட்டரும் தங்கள் வேலையைச் செய்துவிட்டன. 7ஆம் படி. இந்த நிலையில் பேட்டரி மாற்றிக் காசைக் கரைத்தவர்கள் எங்கள் ஃபிளாட்டிலேயே இருக்கிறார்கள்.

4. பேட்டரியை அளந்து பாருங்கள்

"அண்ணே, ஹார்ன் அடிக்குது, லைட் எரியுது, பேட்டரி நல்லாத்தான் இருக்கு" என்று பக்கத்து புளோக் தம்பி சொல்வான். ஹெட்லைட் இரண்டும் சேர்ந்து இழுப்பது பத்து ஆம்பியர் சொச்சம். ஸ்டார்ட்டர் கேட்பது நூறு, நூற்றைம்பது. லைட் எரிவதை வைத்துப் பேட்டரிக்கு நற்சான்றிதழ் தர முடியாது.

ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரிய விட்டு, அணைத்து, ஒரு நிமிடம் கழித்து அளங்கள். இப்போதுதான் ஓடிவந்த காரின் பேட்டரியில் மேலோட்டமாக ஒரு சார்ஜ் நிற்கும். அதைக் கரைக்காமல் அளந்தால் பொய்யான நல்ல கணக்கு வரும். மீட்டரின் கம்பிகளை வயரின் கவ்வியில் வைக்காமல் பேட்டரியின் ஈயக் குமிழ் மீதே அழுத்துங்கள்.

12.6 வோல்ட் அல்லது அதற்கு மேல் என்றால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி. 12.0 கால்வாசி, 11.8க்குக் கீழே போனால் காலி என்றே வையுங்கள். பாருங்கள், முழுசுக்கும் காலிக்கும் இடையில் ஒரு வோல்ட்கூட இல்லை. "12 காட்டுது, சரியா இருக்கு" என்று நினைப்பதுதான் இந்தப் படியின் பெரிய தவறு.

அடுத்து, மீட்டரை அப்படியே வைத்துக்கொண்டு சாவியைத் திருகச் சொல்லுங்கள். சுற்றும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது. சும்மா இருக்கும்போது 12.6 காட்டி, திருகியதும் 7 அல்லது 8க்குச் சரிந்தால் பேட்டரி உள்ளே செத்துவிட்டது. சார்ஜ் போட்டும் பயனில்லை. சும்மா இருக்கும்போதே 12க்குக் கீழே என்றால் அது இறங்கிய பேட்டரி. கெட்டதா இல்லையா என்பதை முழு சார்ஜ் போட்ட பிறகுதான் சொல்ல முடியும்.

நம் ஊர் வெயிலில் பேட்டரி நெடுநாள் தாங்குவதில்லை. குளிர் நாட்டுக்காரர்கள் பனியைத் திட்டுவார்கள், ஆனால் பேட்டரியின் ஆயுளைத் தின்பது சூடுதான்: உள்ளே தண்ணீர் வற்றும், தகடுகள் அரிக்கும். இரண்டு வருடம் ஓடிய பேட்டரி இங்கே சந்தேகப் பட்டியலில் வந்துவிடும். அதனால்தான் வாங்கிய தேதியை அதன் மேலேயே மார்க்கரால் எழுதி வைக்கச் சொல்கிறேன்.

5. வயரில் காணாமல் போகும் வோல்ட்டைப் பிடியுங்கள்

பேட்டரி நன்றாக இருந்து, திருகும்போது 11 வோல்ட் போல நிற்கிறது, ஆனாலும் ஸ்டார்ட்டர் சோம்புகிறது. அப்படியானால் மின்சாரம் வழியில் எங்கேயோ சிக்குகிறது. நான் காசை இழந்து கற்றுக்கொண்ட பாடம் இது. என் பழைய காருக்கு எட்டு மாதத்தில் இரண்டு பேட்டரி மாற்றினேன். ஒரு பட்டறையில் ஸ்டார்ட்டரையும் மாற்றச் சொன்னார்கள். கடைசியில் பார்த்தால், இன்ஜினுக்கும் காரின் உடம்புக்கும் போகும் எர்த் வயர் உறைக்குள்ளேயே பச்சை பூத்துக் கிடந்தது. வெளியிலிருந்து பார்த்தால் புதுசு மாதிரி இருந்தது. புது வயருக்கு ஆன செலவு இருபத்தைந்து வெள்ளி (ரிங்கிட்).

இதை ஓம் அளவில் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. வெறும் 0.01 ஓம் தடை இருந்தாலே, 150 ஆம்பியர் ஓடும்போது 1.5 வோல்ட் தொலைந்துவிடும். மலிவு மீட்டரோ தன் சொந்த வயர்களைச் சேர்த்து முட்டினாலே 0.2 ஓம் காட்டும். ஆகவே மின்சாரம் ஓடும்போது வோல்ட்டில் அளக்க வேண்டும்.

எர்த் பக்கம் முதலில். கறுப்புக் கம்பியைப் பேட்டரியின் நெகட்டிவ் குமிழ் மீதும், சிவப்பை இன்ஜினில் பெயின்ட் இல்லாத சுத்தமான உலோகத்திலும் அழுத்துங்கள். திருகச் சொல்லுங்கள். 0.2 வோல்ட் வரை நல்லது. அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் வயரோ அதன் போல்ட்டோ கெட்டிருக்கிறது. இன்ஜின் திடீரென்று ஓடத் தொடங்கலாம், கையைப் பெல்ட்டிலிருந்தும் ஃபேனிலிருந்தும் தள்ளி வையுங்கள்.

பாசிட்டிவ் பக்கமும் அதே மாதிரிதான். சிவப்பு பாசிட்டிவ் குமிழ் மீது, கறுப்பு ஸ்டார்ட்டருக்கு வரும் தடித்த வயரின் போல்ட் மீது. இங்கே அரை வோல்ட் வரை பொறுத்துக்கொள்ளலாம்.

இரண்டில் எதிலாவது அதிகம் காட்டினால், கம்பியைக் குமிழிலிருந்து கவ்விக்கு, கவ்வியிலிருந்து வயருக்கு என்று ஒவ்வொரு இணைப்பாக நகர்த்துங்கள். அளவு எங்கே திடீரென்று குறைகிறதோ, அதற்கு முந்தைய இணைப்பில்தான் கோளாறு. பினாங்கில் பத்து ஃபெரிங்கி, தஞ்சோங் பூங்கா பக்கம் கடலோரம் நிற்கும் கார்களில் உப்புக்காற்றால் இந்த இணைப்புகள் சீக்கிரம் பூத்துவிடும். அங்கே நான் இந்தப் படியிலிருந்தே தொடங்குவேன்.

சுத்தம் செய்யும்போது நெகட்டிவை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்கள். பாசிட்டிவை முதலில் கழற்றினால், ஸ்பேனர் காரின் உடம்பில் பட்டதும் ஷார்ட் ஆகும். வெள்ளையும் பச்சையுமாய்ப் பூத்திருப்பதை ஆப்பச் சோடா கரைத்த தண்ணீரால் கழுவி, ஈயம் பளபளக்கும் வரை மணல்தாளால் தேயுங்கள். இறுக்கிய பிறகு கவ்வியைக் கையால் திருப்ப முடியக் கூடாது.

இரண்டு பக்கமும் சுத்தம், ஆனாலும் ஒற்றை "டக்" மட்டும் என்றால் ஸ்டார்ட்டர் மோட்டார்தான். அதன் உடம்பில் ஸ்பேனரால் மெதுவாகத் தட்டிக்கொண்டே திருகினால், தேய்ந்த பிரஷ் ஒட்டி ஒரு முறை ஓடலாம். அது பட்டறை வரை போகத்தான். நாளைக்கும் ஓடும் என்று நம்பி பகாங் பக்கம் கிளம்பிவிடாதீர்கள்.

6. சத்தமே வராவிட்டால்

ஃபியூஸ் பெட்டியின் மூடியில் உள்ள படத்தைப் பார்த்து ஸ்டார்ட்டர், இக்னிஷன் ஃபியூஸ்களைக் கண்டுபிடியுங்கள். கண்ணால் பார்த்து முடிவு செய்யாமல், ஃபியூஸின் தலையில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளிலும் வோல்ட் அளங்கள். சாவி ஆனில் இருக்கும்போது ஒரு பக்கம் 12, மறுபக்கம் சைபர் என்றால் அது போய்விட்டது. ஸ்டார்ட் நிலையில் மட்டும் மின்சாரம் வரும் ஃபியூஸ்களும் உண்டு, அவற்றைத் திருகச் சொல்லி அளக்க வேண்டும். அதே ஆம்பியரில்தான் புது ஃபியூஸ் போட வேண்டும்: சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. போட்டதும் மறுபடி போனால் எங்கேயோ வயர் உரசுகிறது. பெரிய ஃபியூஸ் போட்டால் வயர்தான் எரியும்.

ஸ்டார்ட்டர் ரிலேவை (மின்சாரத்தால் இயங்கும் சின்ன சுவிட்ச்), அதே வடிவமும் எண்ணும் உள்ள ஹார்ன் ரிலேவோடு மாற்றிப் பாருங்கள். கார் ஓடினால் வேலை முடிந்தது.

அதுவும் இல்லை என்றால், ஸ்டார்ட்டரில் உள்ள மெல்லிய வயரில் திருகும்போது வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். பத்து வோல்ட்டுக்கு மேல் வந்தும் ஸ்டார்ட்டர் அசையவில்லை என்றால் ஸ்டார்ட்டரைக் கழற்றலாம். வரவில்லை என்றால் இக்னிஷன் சுவிட்ச், கியர் சுவிட்ச், இடையில் உள்ள வயர், இந்த மூன்றில் ஒன்று. எலி கடித்த வயரைத் தேட மறக்காதீர்கள். சாப்பாட்டுக் கடைகளுக்குப் பின்னால் நிற்கும் கார்களில் நான் முதலில் பார்ப்பதே அதைத்தான்.

7. சுற்றுகிறது, ஆனால் பற்றவில்லை

சாவியை ஆனில் வைத்து, இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரிய வேண்டும். எரியவே இல்லை என்றால் இன்ஜினின் கம்ப்யூட்டருக்கு மின்சாரம் போகவில்லை: இஎஃப்ஐ (பெட்ரோல் செலுத்தும் அமைப்பு) ஃபியூஸையும் மெயின் ரிலேவையும் பாருங்கள்.

பின்சீட்டுப் பக்கம் காதை வைத்துக் கேளுங்கள். ஆன் செய்ததும் பெட்ரோல் பம்ப் இரண்டு நொடி முனகும். முனகல் இல்லை என்றால் பம்ப் ஃபியூஸ், ரிலே, அப்புறம் பம்ப். இதற்கு மேல் ஸ்பார்க், சென்சார் விவகாரம். காரின் கம்ப்யூட்டரோடு இணைத்துக் கோளாறு எண்ணைக் காட்டும் ஓபிடி கருவி கையில் இருந்தால் அந்த எண்ணைப் படியுங்கள், இல்லாவிட்டால் இங்கேயே நிறுத்திப் போமனை (பட்டறை மெக்கானிக்) கூப்பிடுவது மேல்.

8. இப்போது ஜம்ப் கொடுக்கலாம்

பேட்டரி இறங்கியிருக்கிறது என்று அளந்து தெரிந்த பிறகுதான் ஜம்ப். சிவப்பை முதலில் செத்த பேட்டரியின் பாசிட்டிவில், மறுமுனையை நல்ல பேட்டரியின் பாசிட்டிவில். கறுப்பை நல்ல பேட்டரியின் நெகட்டிவில், கடைசி முனையைச் செத்த காரின் இன்ஜின் உலோகத்தில், பேட்டரியிலிருந்து தள்ளி.

கடைசியாக மாட்டும் முனையில் பொறி வரும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கசியும். இரண்டும் ஒரே இடத்தில் சந்தித்தால் பேட்டரி வெடிக்கும், அதனால்தான் தள்ளி மாட்டுவது. நல்ல காரை ஐந்து நிமிடம் ஓட விட்டுத் திருகுங்கள். கழற்றுவது அப்படியே தலைகீழ் வரிசையில்.

பாசிட்டிவும் நெகட்டிவும் மாறிவிட்டால் மெயின் ஃபியூஸும், ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் கொடுக்கும் ஆல்டர்னேட்டரும் ஒரு நொடியில் போகும். அடித்தளக் கார் நிறுத்துமிடத்து இருட்டில் வயரின் நிறத்தை நம்பாதீர்கள், பேட்டரியில் பொறித்த கூட்டல் குறியை டார்ச் அடித்துப் பாருங்கள்.

9. ஓடத் தொடங்கியதும் ஆல்டர்னேட்டர்

ஓடும் காரில் பேட்டரி முனைகளை அளங்கள். 13.8 முதல் 14.5 வோல்ட் வரை வேண்டும். ஏர்கான், ஹெட்லைட் எல்லாம் போட்ட பிறகும் 13.5ஐ ஒட்டி நின்றால் நல்லது. 12 சொச்சத்திலேயே நின்று இறங்கிக்கொண்டே போனால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் கொடுக்கவில்லை, புது பேட்டரி போட்டாலும் இரண்டே நாளில் இதே கதைதான். 15ஐத் தாண்டினால் பேட்டரியைக் கொதிக்க வைக்கிறது. சில புதிய கார்கள் வேண்டுமென்றே வோல்ட்டைக் குறைக்கும், ஹெட்லைட்டைப் போட்டு மறுபடி அளந்து பாருங்கள்.

பழைய ஆட்கள் ஓடும் காரில் பேட்டரி முனையைக் கழற்றி ஆல்டர்னேட்டரைச் சோதிப்பார்கள். கார்புரேட்டர் காலத்தோடு அது போகட்டும். கழற்றும் நொடியில் வோல்ட் எகிறி கம்ப்யூட்டரை எரித்துவிடலாம்.

10. எல்லாம் சரி, ஆனால் இரண்டு நாள் நின்றால் இறங்குகிறது

பூட்டி நிற்கும் காரும் கொஞ்சம் மின்சாரம் குடிக்கும். 50 மில்லி ஆம்பியர் வரை இயல்பு. கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் மணி. மைவி அளவுப் பேட்டரி 35 ஆம்பியர் மணி என்றால், இரண்டே வாரத்தில் பாதி காலி. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது, நல்ல பேட்டரி இருந்த கார்களும் எங்கள் ஃபிளாட்டில் வரிசையாகப் படுத்தது இதனால்தான்.

டேஷ்கேம் இரவும் பகலும் 200 மில்லி ஆம்பியர் இழுத்தால் அதே பேட்டரி நான்கு நாளுக்குள் பாதிக்கு வந்துவிடும். ஆகவே அதை முதலில் கழற்றிவிட்டு ஓரிரவு விட்டுப் பாருங்கள்.

அப்படியும் இறங்கினால், போனட்டைத் திறந்து வைத்துவிட்டுக் கதவுகளைப் பூட்டி, நாற்பது நிமிடம் காத்திருங்கள். கம்ப்யூட்டர்கள் தூங்கப் போக அவ்வளவு நேரம் ஆகலாம். ஐந்து நிமிடத்தில் அளந்துவிட்டு "அரை ஆம்பியர் போகுது" என்று பதறுபவர்கள் நிறைய. பிறகு மீட்டரை மில்லி வோல்ட்டில் வைத்து, ஃபியூஸின் தலையில் உள்ள இரண்டு புள்ளிகளையும் ஒவ்வொன்றாகத் தொடுங்கள். சைபர் என்றால் அந்த வழியில் ஒன்றும் ஓடவில்லை. எண் காட்டினால் அங்கே ஏதோ விழித்திருக்கிறது. ஃபியூஸைப் பிடுங்காமலே அளப்பதால் தூங்கும் கம்ப்யூட்டர்கள் எழுந்துகொள்ளாது. காருக்குள் இருக்கும் ஃபியூஸ் பெட்டிக்கு, பூட்டும் முன்பே அதன் மூடியைக் கழற்றி வைத்து, கண்ணாடியை இறக்கிவிட்டுக் கையை நீட்டுங்கள்.

11. கடைசியில் பேட்டரிதான் என்றால்

பழைய பேட்டரியின் மேலுள்ள எண்ணைப் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். என்எஸ்40இசட்எல், என்எஸ்60எல் மாதிரி இருக்கும். கடைசி எழுத்து முனைகள் எந்தப் பக்கம் என்பதைச் சொல்கிறது, அது மாறினால் வயர் எட்டாது. சிக்னலில் தானே அணைந்து எழும் கார்களுக்கு இஎஃப்பி அல்லது ஏஜிஎம் வகை வேண்டும். சாதாரணப் பேட்டரி அதில் சீக்கிரம் சாகும்.

மாற்றிய பிறகு பவர் விண்டோ முழுசாக ஏறாமல் நிற்கலாம், கார் நிற்கும்போது இன்ஜின் ஓடும் வேகம் (ஐடிலிங்) கொஞ்ச நேரம் தடுமாறலாம், ரேடியோ ரகசிய எண் கேட்கலாம். அது புதுக் கோளாறு இல்லை. பழைய பேட்டரியைக் கடையில் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள். நீங்களாகக் கேளுங்கள், சில இடங்களில் கேட்டால்தான் கழிப்பார்கள்.